கண்டுரைத்தலும் காணாதுரைத்தலும்

தீர்ப்பளித்தல் மனிதனுக்கு இயல்பாகவே அமைந்துவிட்ட தொழில். நீதிமன்றத்தில் அமர்ந்திருப்பவர் மட்டும் நீதிபதி அல்லர். மாணவனின் கட்டுரைத் தாளில் சிவப்பு மையால் எண்ணிடும் ஆசிரியரும் தீர்ப்பளிக்கிறார். ஒரு நூலின் முதற்பக்கங்களைப் புரட்டிவிட்டு, 'இது தேறாது' என்று மூடி வைக்கும் வாசகரும் தீர்ப்பளிக்கிறார். இத்தனை பேர் இத்தனை எளிதாகச் செய்கின்ற இத்தொழிலுக்கு ஏதேனும் அறம் உண்டா? தீர்ப்புச் சொல்ல வாய் திறக்குமுன் ஒருவர் செய்து முடித்திருக்க வேண்டிய கடமை யாது?

சிலப்பதிகாரத்துப் பாண்டியன் கொடியவன் அல்லன். அவன் பொற்கொல்லனின் சொல்லைக் கேட்டான். கோவலனின் சொல்லைக் கேட்கவில்லை. சிலம்பை வாங்கிப் பார்க்கவுமில்லை. தான் காணாத ஒன்றைப் பிறன் கண்கொண்டு முடிவு செய்தான். அவன் குற்றம் அவ்வளவே. ஆனால் அதன் விளைவாக ஓர் உயிர் போயிற்று. ஒரு நகரமே எரிந்தது. தமிழ் படித்த எவரும் இக்கதையை மறப்பதில்லை. ஆயினும், கலையையும் இலக்கியத்தையும் பற்றித் தீர்ப்பளிக்கும்பொழுது அம்மன்னன் செய்த பிழையையே பலரும் நாள்தோறும் செய்து வருகின்றனர்.

இவ்வுண்மையை ஆராய்வதற்கு அண்மைக்கால நிகழ்ச்சி ஒன்று மிகவும் பொருத்தமாக அமைகிறது. அது ஒரு காவியத்தையோ நாவலையோ பற்றியதன்று. 'பிரெய்ட்' என்னும் கணினி விளையாட்டைப் பற்றியது. கணினி விளையாட்டு என்றதும் முகம் சுளிக்கும் ஆசிரியர்கள் இருக்கலாம். மாணவர்களின் பொழுதைக் கொள்ளை கொள்வது என்ற குற்றச்சாட்டில் உண்மையும் உண்டு. ஆனால் விளையாட்டு என்ற சொல்லைக் கேட்டவுடன், அதனைக் காணாமலேயே எழுகின்ற அந்தச் சுளிப்பே இங்கு ஆராய வேண்டிய பொருளாகும்.

பின்னலின் கதை

'பிரெய்ட்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்குப் பின்னல் என்பது பொருள். அமெரிக்கரான ஜோனத்தன் புளோ இதனை உருவாக்கினார். இதற்குரிய ஓவியங்களைத் தீட்டியவர் டேவிட் ஹெல்மன். பெருநிறுவனங்கள் பெரும்பொருள் செலவிட்டுப் பலரை அமர்த்தி விளையாட்டுகளை உருவாக்கும் காலத்தில், புளோ தம் சொந்தப் பணத்தைச் செலவிட்டு, மூன்றாண்டுகளுக்கு மேல் உழைத்து இதனை முடித்தார். 2008ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் 'எக்ஸ்பாக்ஸ்' கருவிக்கென இது வெளியிடப்பட்டது. இத்தாலிய எழுத்தாளர் இட்டாலோ கால்வினோ 1972இல் வெளியிட்ட 'புலப்படா நகரங்கள்' என்னும் நூல் தமக்கு ஊக்கமளித்ததாக ஆசிரியர் கூறியிருக்கிறார்.

கதையின் தொடக்கம் மிகவும் பழகிப்போன ஒன்று. டிம் என்பவன் ஓர் இளவரசியைத் தேடிப் புறப்படுகிறான். கொடிய அரக்கன் ஒருவன் அவளைக் கவர்ந்து சென்றுவிட்டானாம். 1985இல் வெளிவந்த 'சூப்பர் மாரியோ' முதலாக எத்தனையோ விளையாட்டுகள் சொன்ன கதை இது. ஆனால் இங்கு ஒரு சொல் கூடுதலாகச் சொல்லப்படுகிறது. இளவரசி போனதற்கு டிம் செய்த தவறே காரணம் என்பதே அது. விளையாட்டின் ஒவ்வோர் உலகத்திற்கு முன்னும் சில நூல்கள் விரித்து வைக்கப்பட்டுள்ளன. அவற்றில் ஒன்று எழுப்பும் கேள்வி எவருடைய உள்ளத்தையும் தொடக்கூடியது. சொல்லிவிட்ட கடுஞ்சொல்லைத் திரும்பப் பெற முடிந்தால் என்னாகும்? விளைந்த தீங்கு நீங்கிவிட வேண்டும். அதனால் கற்ற பாடம் மட்டும் நெஞ்சில் தங்கிவிட வேண்டும். அத்தகைய உலகம் ஒன்று இருந்தால் எப்படி இருக்கும்?

இக்கேள்வியை விளையாட்டு சொல்லால் மட்டும் கேட்கவில்லை, செயலாலும் கேட்கிறது. ஆடுபவர் தவறி விழுந்தால் காலத்தைப் பின்னோக்கித் திருப்பலாம். விழுந்தவன் எழுவான், உடைந்தது சேரும். ஆனால் அடுத்த உலகத்தில் பச்சை ஒளி வீசும் சில பொருள்கள் எதிர்ப்படுகின்றன. காலம் திரும்பினாலும் அவை திரும்புவதில்லை. இன்னோர் உலகத்தில் டிம் வலப்புறம் நடந்தால் காலம் முன்னே ஓடும். இடப்புறம் நடந்தால் பின்னே ஓடும். வேறோர் உலகத்தில், அவன் விட்டு வந்த செயல்களை அவனுடைய நிழல் மீண்டும் செய்து காட்டும். இவ்வாறு மாறும் விதிகளைப் புரிந்துகொண்டு புதிர்களை அவிழ்த்தால் ஓவியத் துண்டுகள் கிடைக்கும். அவற்றை இணைத்து ஐந்து ஓவியங்களை நிறைவு செய்ய வேண்டும். உலகங்களின் எண்ணிக்கை இரண்டில் தொடங்கி ஆறு வரை செல்கிறது. முதல் உலகம் இறுதியில்தான் வருகிறது. அங்கே காலம் தானாகவே பின்னோக்கி ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்த இறுதிக் காட்சியைச் சற்று விரிவாகக் காண வேண்டும். வீரன் ஒருவனின் பிடியிலிருந்து இளவரசி தப்பி ஓடுகிறாள். மேல்தளத்தில் அவள் ஓட, கீழ்த்தளத்தில் டிம் ஓடுகிறான். பின்னால் நெருப்புச் சுவர் துரத்தி வருகிறது. அவனுடைய வழியில் நிற்கும் தடைகளை அவள் அகற்றுகிறாள். அவளுக்காக அவன் வழி திறக்கிறான். இருவரும் ஒருவருக்கொருவர் உதவி அவள் இல்லத்தை அடைகின்றனர். ஆடுபவர் மகிழும் நேரத்தில் காலம் நேராக ஓடத் தொடங்குகிறது. அதே காட்சி மீண்டும் தோன்றுகிறது. ஆனால் அதன் பொருள் முற்றிலும் தலைகீழாக மாறிவிடுகிறது. சாளரத்தில் நின்று பார்க்கும் டிம்மைக் கண்டு இளவரசி அஞ்சி ஓடுகிறாள். அவள் அகற்றியதாகத் தோன்றிய தடைகள், உண்மையில் அவனைத் தடுக்க அவள் எறிந்தவை. இறுதியில் வந்து அவளைக் காப்பாற்றுபவன் அந்த வீரனே. அப்படியாயின் அரக்கன் யார்? இத்தனை நேரமும் தாம் இயக்கி வந்த டிம்தான் என்பதை ஆடுபவர் உணர்கிறார்.

ஒரே நிகழ்ச்சி, பார்க்கும் திசை மாறியதும் நாயகன் அரக்கனாகிறான். இதனை இவ்வாறு எழுதிக் காட்டுவது எளிது. ஆனால் எழுதியதைப் படிப்பவர் ஒரு செய்தியை அறிகிறார். ஆடியவரோ தம் கையால் துரத்தியிருக்கிறார். அந்த வேறுபாட்டை எந்தச் சுருக்கமும் ஈடு செய்ய இயலாது.

பாராட்டும் பழியும்

வெளிவந்த நாளிலேயே திறனாய்வாளர்கள் இதனைப் பெரிதும் வரவேற்றனர். பல ஏடுகள் வழங்கும் மதிப்பெண்களைத் திரட்டிச் சராசரி காணும் 'மெட்டாகிரிட்டிக்' என்னும் தொகுப்பில் இது 100க்கு 93 பெற்றது. புதிர்களின் கூர்மையையும், நீரோவியம் போன்ற காட்சிகளையும், இறுதிக் காட்சியின் அதிர்ச்சியையும் பலர் போற்றினர்.

குறை கூறியோரும் உண்டு. சில மணி நேரத்தில் முடிந்துவிடும் விளையாட்டுக்கு 15 அமெரிக்க வெள்ளி கூடுதலான விலை என்றனர் சிலர். நூல்களில் உள்ள உரைநடை செயற்கையானது, வேண்டுமென்றே பூடகமானது என்றனர் வேறு சிலர். புகழ்பெற்ற இசைக்கலைஞர் ஒருவர் டிம்மைக் குதிக்கச் செய்து, காலத்தைத் திருப்பி, மீண்டும் குதிக்கச் செய்து, இதற்கு நோக்கமே இல்லை என்று வாய்விட்டுச் சிரித்தார். இவற்றுள் உரைநடை பற்றிய குறை கருதத்தக்கது. கண்டு சொன்ன குறை எதுவாயினும் அதற்கு மதிப்புண்டு. ஏனெனில் அதனைச் சரிபார்க்க இயலும். நூலைத் திறந்து, அந்த வரி செயற்கையானதா என்று எவரும் பார்த்துக்கொள்ளலாம்.

காணாதுரைத்தவர்

ரோஜர் ஈபர்ட் அமெரிக்காவின் புகழ்பெற்ற திரைப்படத் திறனாய்வாளர். 1967 முதல் 'சிகாகோ சன்-டைம்ஸ்' இதழில் எழுதியவர். 1975இல் புலிட்சர் பரிசு பெற்றவர். 2010ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் அவர் ஒரு கட்டுரை எழுதினார். கணினி விளையாட்டு ஒருபொழுதும் கலையாக இயலாது என்பது அதன் முடிபு. விளையாட்டு வடிவமைப்பாளரான கெல்லி சாந்தியாகோ, விளையாட்டும் கலையே என்று வாதிட்டு ஆற்றிய உரைக்கு மறுப்பாக அக்கட்டுரை அமைந்தது. அவர் காட்டிய சான்றுகளுள் 'பிரெய்ட்' ஒன்று. காலத்தைத் திருப்பித் தவறைத் திருத்துவதை, சதுரங்கத்தில் நகர்த்திய காயைத் திரும்ப எடுப்பதற்கு ஒப்பிட்டார் ஈபர்ட். அது ஆட்டத்தின் ஒழுங்கையே குலைத்துவிடும் என்றார். ஆனால் 'பிரெய்டை' அவர் ஆடிப் பார்த்தவர் அல்லர்.

அவருடைய வாதம் முதல் நோக்கில் வலியதாகவே தோன்றுகிறது. ஆயினும் ஆடியவர் அதன் குறையை உடனே உணர்வர். சதுரங்கம் இருவர் மோதும் போட்டி. அங்கே காயைத் திரும்ப எடுப்பது எதிராளிக்கு இழைக்கும் அநீதி. இங்கே எதிராளி என்று ஒருவர் இல்லை. காலத்தைத் திருப்புவதால் புதிர் அவிழ்ந்துவிடுவதும் இல்லை. விழுவோம் என்ற அச்சம் மட்டுமே நீங்குகிறது. சிந்தித்தே தீர வேண்டிய சுமை அப்படியே நிற்கிறது. திருப்பியும் திரும்பாத அந்தப் பச்சைப் பொருள்களை அவர் ஒருமுறை எதிர்கொண்டிருந்தால், தவறைத் திரும்பப் பெறுவது எளிது என்று இவ்விளையாட்டு சொல்லவில்லை. அந்த ஆசைக்கு எங்கெங்கே எல்லை உண்டு என்றே அது சோதிக்கிறது என்பதை அறிந்திருப்பார். சாந்தியாகோவின் உரையில் வந்த துண்டுக் காட்சிகளில் அந்த அறிவு கிடைக்கவில்லை.

ஈபர்ட்டுக்கு ஆயிரக்கணக்கில் மறுப்புகள் வந்து குவிந்தன. பலர் ஏசினர், சிலர் நிதானமாக வாதிட்டனர். அதே ஆண்டு ஜூலை மாதம் அவர் மீண்டும் எழுதினார். தாம் பார்க்காத திரைப்படத்தைப் பற்றி ஒருபொழுதும் கருத்துரைக்க மாட்டார் என்றும், பட்டறிவு இல்லாத விளையாட்டுகளைப் பற்றி மட்டும் அவ்வாறு உரைத்தது தவறு என்றும் ஒப்புக்கொண்டார். தம் கருத்து மாறவில்லை என்றும், ஆனால் அதனைச் சொல்லியிருக்கக் கூடாது என்றும் உரைத்தார். 2013இல் மறைந்த அவருடைய பெருமைக்கு இவ்வொப்புதலால் எந்தக் குறையும் நேர்ந்துவிடவில்லை.

இங்கே ஒரு நுண்ணிய வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். 'கலை என்பது யாது?' என்னும் பொதுவினாவை எவரும் எழுப்பலாம். வெற்றி தோல்வியும் விதிகளும் உடைய ஒன்று கலையாகுமா என்று வாதிடலாம். அதற்கு எல்லா விளையாட்டுகளையும் ஆடித் தீர்க்க வேண்டியதில்லை. ஆனால் பெயர் சுட்டி, 'இப்படைப்பு தாழ்ந்தது' என்று சொல்லும் கணத்தில் கடமை மாறிவிடுகிறது. பொதுக்கொள்கை எவ்வளவு ஆழமானதாயினும், தனிப்படைப்பைக் காணும் உழைப்புக்கு அது ஈடாகாது.

கடன் வாங்கிய சுவை

ஜெர்மானிய மெய்யியலாளர் இமானுவேல் கான்ட் 1790இல் வெளியிட்ட தம் நூலில், அழகைப் பற்றிய தீர்ப்பைப் பிறருடைய தீர்ப்பிலிருந்து பெற இயலாது என்று வாதிட்டார். நூறு பேர் போற்றினாலும் தன் உள்ளம் சுவைக்காத ஒன்றை அழகியது என்று ஒருவன் உண்மையாகச் சொல்ல முடியாது. பிரித்தானியரான ரிச்சர்ட் வோல்ஹைம் 1980இல் இக்கருத்துக்கு ஒரு பெயரிட்டார். படைப்போடு நேரடிப் பழக்கம் இருந்தாலன்றி அதன் தகுதியைத் தீர்ப்பிடக் கூடாது என்பது அக்கொள்கை.

பிறர் சொல்லை நம்பாமல் உலகில் வாழ முடியுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நீர் எத்தனை பாகையில் கொதிக்கும் என்பதை ஆசிரியர் சொல்ல மாணவன் ஏற்கிறான். அதனால் அவன் அறிவு குறைவதில்லை. அவன் பெற்றது நீரைப் பற்றிய அறிவே. ஆனால், 'இந்தப் பாடல் அழகியது' என்று ஆசிரியர் சொல்லி மாணவன் எழுதிக்கொள்ளும்பொழுது அவன் பெற்றது என்ன? பாடலின் அழகையன்று, தன் ஆசிரியரின் கருத்து இன்னது என்னும் செய்தியை மட்டுமே. அச்செய்தி பயனுடையது, படிக்கத் தூண்டும், வழி காட்டும். வழிகாட்டி மரத்தை ஊர் என்று எண்ணிவிடும்பொழுதுதான் பிழை பிறக்கிறது.

தமிழ் வகுப்பறைகளில் இப்பிழை நிகழாமல் இல்லை. நாவலைப் படிக்காமலேயே அதன் நலம் பாராட்டி நான்கு பக்கம் எழுதும் மாணவன் உண்டு. வழிகாட்டி நூலில் பாத்திரப் படைப்பு, நடைச்சிறப்பு, சமுதாயப் பார்வை எல்லாம் தலைப்பிட்டுத் தரப்பட்டிருக்கின்றன. அவற்றை மனனம் செய்து எழுதினால் மதிப்பெண்ணும் கிடைக்கிறது. ஈபர்ட் காணாமல் பழித்தார். இம்மாணவன் காணாமல் புகழ்கிறான். பழித்தவருக்கு ஆயிரம் மறுப்புகள் வந்தன. புகழ்பவனுக்கோ ஒரு மறுப்பும் வருவதில்லை. இரண்டும் ஒரே குற்றத்தின் இரு முகங்கள் என்பதை யாரும் அவனிடம் சொல்வதில்லை.

கண்டும் காணாதவர்

கண்டுவிட்டால் மட்டும் போதுமா? இவ்வினாவுக்கு விடை 'பிரெய்டின்' ஆசிரியரிடமே கிடைக்கிறது. 2012இல் வெளிவந்த ஓர் ஆவணப்படத்தில் ஜோனத்தன் புளோ தம் மனக்குறையை வெளியிட்டார். விளையாட்டு வெற்றி பெற்றது, பணம் வந்தது, புகழ் வந்தது. ஆயினும் அவர் வருந்தினார். பாராட்டியவர்கள் மேலோட்டமானவற்றையே பாராட்டினர். தாம் எதனைச் சிறப்பென்று கருதினாரோ அதனைத் தொடவே இல்லை என்பது அவருடைய துயரம். பல திறனாய்வுகளுக்கு அவரே மறுமொழி எழுதினார். அதற்காகக் கேலிக்கும் ஆளானார்.

படைப்பாளியின் இக்குறை நியாயமானதா? 1946இல் விம்சாட், பியர்ட்ஸ்லி என்னும் அமெரிக்கத் திறனாய்வாளர் இருவர், படைப்பாளியின் நோக்கத்தைக் கொண்டு படைப்பை அளப்பது பிழை என்று வாதிட்டனர். வெளிவந்த பின் படைப்பு எல்லார்க்கும் பொது. தாம் எண்ணியதையே எல்லாரும் காண வேண்டும் என்று அதனைப் படைத்தவர் கட்டளையிட இயலாது. அந்த அளவில் புளோவின் வருத்தம் ஏற்கத்தக்கதன்று. ஆயினும், கவனத்தைக் கேட்க அவருக்கு உரிமையுண்டு. தம்மோடு உடன்பட வேண்டும் என்று கேட்பது வேறு. பார்த்துவிட்டுப் பேசுங்கள் என்று கேட்பது வேறு.

இதன் மறுமுனையில் இன்னொரு பிழை நிகழ்ந்தது. விளையாட்டின் முடிவுரையில் ஒரு மேற்கோள் இடம்பெறுகிறது. 1945ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள் நியூ மெக்சிகோ பாலைவனத்தில் முதல் அணுகுண்டு வெடித்துச் சோதிக்கப்பட்டது. அதனைக் கண்ட இயற்பியலாளர் கென்னத் பெயின்பிரிட்ஜ் மனம் கசந்து கூறிய சொற்களே அம்மேற்கோள். இதனைக் கண்டுபிடித்த பலர், இளவரசி என்பவள் அணுகுண்டே, டிம் அதனைத் தேடிய அறிவியலாளனே என்று முடிவு கட்டினர். கதைக்கு விடை கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்தனர்.

புதிருக்கு விடை உண்டு. அவிழ்த்துவிட்டால் அதன் வேலை முடிந்துவிடும். ஆனால் கதையின் பொருள் அத்தகைய விடையன்று. இளவரசி அணுகுண்டாகவும் இருக்கலாம். இழந்த காதலாகவும் இருக்கலாம். அடைய வேண்டும் என்ற வெறியால் மனிதன் அழிக்கின்ற எதுவாகவும் இருக்கலாம். துரத்துபவன் தன்னைக் காப்பவனாக எண்ணிக்கொள்ளும் அவலம் இவை அனைத்துக்கும் பொது. ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றைத் தள்ளினால் பின்னலில் ஒரு புரியே எஞ்சும். புளோ நெடுங்காலம் இதன் பொருளை விளக்க மறுத்தார். முழுவதையும் சொற்களில் விளக்கத் தம்மால் இயலாது என்றார். சொல்லிவிட முடியுமாயின் ஒரு பக்கக் கட்டுரையே போதுமே. மூன்றாண்டு உழைப்பு எதற்கு?

எண்ணும் எடையும்

100க்கு 93 என்ற எண்ணையும் ஈண்டு நினைக்க வேண்டும். அந்த எண் பொய்யன்று. வாங்கலாமா என்று தயங்குபவருக்கு அது உதவும். ஆனால் 93 என்பது எதனைச் சொல்கிறது? எஞ்சிய 7 எங்கே போயிற்று? உரைநடையிலா, விலையிலா, நீளத்திலா? ஆசிரியர்கள் இதனை நன்கு அறிவர். கட்டுரைத் தாளில் வெறும் எண்ணைக் காணும் மாணவன் தான் எங்கே நிற்கிறான் என்பதை அறிகிறான். எங்கே தவறினான் என்பதை அறிவதில்லை. ஓரத்தில் எழுதிய ஒரு வரிக் குறிப்பே, தன்னை ஒருவர் உண்மையில் படித்தார் என்று அவனுக்குச் சொல்கிறது. படைப்பாளி வேண்டுவதும் அதுவே. மாணவன் வேண்டுவதும் அதுவே.

திரும்பிப் பார்த்தல்

டிம்மின் உலகத்தில் சொன்ன சொல்லைத் திரும்பப் பெறலாம். மனிதரின் உலகத்தில் அது இயலாது. அச்சேறிய தீர்ப்பும், மாணவனின் முகத்துக்கு நேரே சொன்ன கடுஞ்சொல்லும் பச்சை ஒளி வீசும் பொருள்களைப் போன்றவை. காலம் எப்படி ஓடினாலும் அவை மாறுவதில்லை. ஆயினும் ஒன்று செய்யலாம். நடந்ததைத் திரும்பிப் பார்க்கலாம். பார்க்கும் திசையை மாற்றிப் பார்க்கலாம். அரக்கன் என்று எண்ணியவன் காவலனோ, காவலன் என்று எண்ணியவன் அரக்கனோ என்று மீண்டும் கேட்கலாம். தவறு என்று கண்டால் அதனை ஒப்புக்கொள்ளலாம். ஈபர்ட் செய்தது இதுதான். பாண்டியனும் இறுதியில் தன் பிழையை உணர்ந்தான். ஆனால் அவன் உணர்ந்தபொழுது கோவலன் இல்லை. காலம் கடந்த பின் வரும் தெளிவு உயர்ந்ததே. எனினும் அத்தெளிவுக்குப் பிறர் செலுத்தும் விலை பெரிது.

ஆகவே, தீர்ப்புக்கு முன் காணுதல் வேண்டும். கண்ட பின் மீண்டும் காணுதல் வேண்டும். புகழ்வதற்கும் இது பொருந்தும். பழிப்பதற்கும் இது பொருந்தும். குணத்தையும் குற்றத்தையும் நாடி, மிகுந்தது எது என்று பார்க்கச் சொன்ன வள்ளுவர், நாடுதல் என்னும் உழைப்பை முதலில் வைத்தார். முடிவை இறுதியில் வைத்தார். வகுப்பில் ஒரு மாணவன் எழுந்து, 'எல்லாரும் போற்றும் இந்நூல் என் உள்ளத்தைத் தொடவில்லை' என்று சொல்லக்கூடும். அவன் அதனை முழுவதும் படித்துவிட்டுச் சொல்வானாயின், படிக்காமல் போற்றிய பத்துப் பேரைவிட அவன் இலக்கியத்துக்கு நெருங்கியவன். அவனிடம் ஆசிரியர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: 'எந்த இடத்தில், தம்பி?' அந்த இடத்தை அவன் காட்டத் தொடங்கும்பொழுது திறனாய்வு தொடங்குகிறது.